குரங்குகள் ஏன் இன்னும் மனிதராகவில்லை?

கல்யாணப் பந்தியிலும், ரயில் பிரயாணத்திலும், கல்லூரி வகுப்பின் முதல் நாளிலும், நான் மானிடவியல் கற்பிக்கிறவன் என்று தெரிந்த மாத்திரத்தில், எதிரே இருப்பவர் ஒரு வெற்றிப் புன்னகையோடு தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "குரங்கிலிருந்துதான் மனிதன் வந்தான் என்கிறீர்களே, அப்படியானால் மிச்சக் குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றன?" டார்வினை ஒரே வாக்கியத்தில் மடக்கிவிட்ட திருப்தியோடு அவர் பாயசத்துக்குத் திரும்பிவிடுவார். தெரியாமல் கேட்பவரிடம் எனக்கு வருத்தமில்லை; பதிலைச் செவிமடுக்கும் உத்தேசமே இல்லாமல், கேள்வியையே நிரூபணமாகப் பாவிக்கிறவர்களிடம் பொறுமை காட்டத்தான் இப்போதெல்லாம் முடிவதில்லை.

நம்பிக்கை: இன்றைய குரங்கே நம்முடைய மூதாதை.

உண்மை: உயிரியல் அறிந்த எவரும் அப்படிச் சொல்லவில்லை. 1859-ல் வெளிவந்த தம் பெரு நூலில் மனிதனின் பிறப்பைப் பற்றி ஏறக்குறைய மௌனமாகவே இருந்துவிட்ட டார்வின், 1871-ல் அந்த விஷயத்தை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டபோது, நம் பூர்விகர் இன்று உயிரோடிருக்கும் ஏதோ ஒரு குரங்கைப் போலவே இருந்தார் என்று எண்ணிவிடாதீர்கள் என எச்சரித்தே எழுதினார். எச்சரிக்கையை மறந்துவிட்டு, எதை எண்ணாதே என்றாரோ அதையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே பாட்டனாருக்குப் பிறந்த இரு மக்களில் ஒருவர் ஊரோடு தங்க, மற்றவர் பட்டணம் போக, பட்டணத்துப் பேரனைப் பார்த்து, "உன் பங்காளி இன்னும் ஊரில் இருக்கும்போது நீ எப்படி அவனிடமிருந்து வந்தாய்?" என்று யாரேனும் கேட்பார்களா? பங்காளி பாட்டன் ஆகமாட்டான். அதோடு, ஊரில் தங்கியவனும் இத்தனை தலைமுறையில் மாறாமல் இருந்துவிடவில்லை.

நம் வம்சமும் சிம்பன்ஸியின் வம்சமும் பிரிந்து சுமார் அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கோயில் மதிலில் உட்கார்ந்து தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் நாட்டுக் குரங்கோடு நமக்குள்ள பொது மூதாதையைத் தேட வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும். இத்தனை காலமும் அவை கைகட்டி நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; தத்தம் காட்டுக்கும் தத்தம் உணவுக்கும் ஏற்ப அவையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தின்னும் அவசரத்தில் கிடைத்ததையெல்லாம் அடைத்துக்கொண்டு, பிறகு மரத்தில் சாவகாசமாக மெல்லுவதற்கு நாட்டுக் குரங்குக்கு வாய்த்திருக்கும் கன்னப்பை நமக்கும் இல்லை, சிம்பன்ஸிக்கும் இல்லை. மனிதனாவது என்னும் ஒரே பரீட்சையை எல்லா ஜீவராசிகளும் எழுதுவதாகவும், குரங்கு அதில் தோற்றுப்போனதாகவும் கற்பனை செய்கிறவர்களே, "ஏன் இன்னும் ஆகவில்லை?" என்று கேட்கிறார்கள்.

இந்தப் பிரமைக்கு ஒரு சித்திரமும் உடந்தை. 1965-ல் அமெரிக்காவில் வெளியான 'ஆதி மனிதன்' என்னும் நூலுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்த அந்த ஊர்வலத்தில், கூன் விழுந்த உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாக நடந்து போகின்றன. அன்றுமுதல் அது பனியனிலும் விளம்பரத்திலும் கேலிச்சித்திரத்திலும் உருமாறி உருமாறி வந்து, கிளை கிளையாகப் பிரிந்த ஒரு சரித்திரத்தை ஒற்றை வரிசையாக நம் மனத்தில் பதித்துவிட்டது.

சாட்சியம் எங்கே என்பார்கள். நம் உடம்பிலேயே இருக்கிறது. சிம்பன்ஸிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் இருபத்து நான்கு ஜோடி குரோமோசோம்கள். நமக்கு இருபத்து மூன்றே. ஒரு ஜோடி எங்கே போயிற்று? குரோமோசோம்களின் இரு நுனிகளிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்து முத்திரை வைத்திருக்கும். நுனியில் மட்டும் இருக்க வேண்டிய இந்த முத்திரை, நம்முடைய இரண்டாவது குரோமோசோமின் நடுப்பகுதியில், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக, நுனியோடு நுனி ஒட்டிய நிலையில் கிடப்பதை 1991-ல் கண்டெடுத்தார்கள். இரு குரோமோசோம்கள் நம் முன்னோர் ஒருவரிடம் இணைந்துபோனதன் தழும்பு அது. இணைவதற்கு முன்பு ஒவ்வொன்றுக்கும் இருந்த மையப்பகுதிகளில் ஒன்று செயலிழந்து, அதன் எச்சமும் அங்கேயே கிடக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். வைட்டமின் சி-யைப் பெரும்பாலான பாலூட்டிகள் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நாய்க்கு நெல்லிக்காய் தேவையில்லை. அதைத் தயாரிக்கும் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. ஆகவேதான் அந்தக் காலத்து மாலுமிகள் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஈறு வீங்கி இறந்தார்கள். இதே மரபணு குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் பழுதாகிக் கிடக்கிறது. நம் கிளை பிரிவதற்கு முன்பே விலகிப்போன தேவாங்கின் கூட்டத்தாரிடமோ அது வேலை செய்கிறது. கினிப்பன்றிக்கும் இந்தக் குறை உண்டு. ஆனால் அதன் மரபணு பழுதான விதம் வேறு. பரம்பரைச் சொத்து ஒத்திருந்தால் தற்செயல் என்று சமாதானம் சொல்லலாம். பரம்பரைப் பழுதே இப்படி ஒத்திருக்கும்போது என்ன சொல்வது?

மற்றவற்றை இவ்வளவு விவரிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: தசாவதாரத்திலேயே பரிணாம சாஸ்திரம் அடங்கியிருக்கிறது.

உண்மை: அவதாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, பரிணாமமோ கிளைக்கிறது. பக்தியைப் பக்தியாக வைத்துக்கொண்டால் இரண்டுக்குமே கௌரவம்.

நம்பிக்கை: ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் குரங்கின் உறவினர் அல்லர்.

உண்மை: லாண்ட்ஸ்டைனரும் வீனரும் 1940-ல் ரீசஸ் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு பரிசோதனை செய்ததால் வந்த பெயர் அது, அவ்வளவே. நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் ஒரு மரபணு விடுபட்டுப்போயிற்று என்று பொருள். வேறு கிரகத்திலிருந்து வந்த ரத்தம் என்று பொருளல்ல.

நம்பிக்கை: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒற்றுமை இருப்பதால் நாம் அநேகமாகச் சிம்பன்ஸிகளே.

உண்மை: 2005-ல் சிம்பன்ஸியின் மரபுத்தொகுதி வெளியானபோது, நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய பகுதிகளில் எழுத்து வேற்றுமை நூற்றுக்கு 1.23 என்று தெரிந்தது. அதுவே சுமார் மூன்றரைக் கோடி எழுத்துகள். சேர்ந்தும் விடுபட்டும் போன பகுதிகள் இதில் சேரவில்லை. உறவு நெருக்கமானது என்பதற்கு அது அத்தாட்சி. இருவரும் ஒன்று என்பதற்கு அல்ல.

நம்பிக்கை: பல்லைக் காட்டும் குரங்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

உண்மை: சிரிக்கவில்லை. உதட்டை இழுத்துப் பல் தெரியக் காட்டுவது, நாட்டுக் குரங்கின் இனத்தில், அச்சத்தின், பணிவின் அடையாளம்; வாயை அகலத் திறந்து உங்களையே முறைத்தால் அது மிரட்டல். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி, குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, "பார், சிரிக்கிறது" என்று படம் எடுக்கிற தகப்பன்மார்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. கடிபட்ட பிறகு குரங்கைப் பழிப்பார்கள். ரோட்டோரத்துக்கு அதைப் பழக்கியது யார்? தீனிக்குக் காத்திருந்து சக்கரத்தில் அடிபடுவது அதன் குட்டி. வால்பாறையின் புதுத்தோட்டத்தில், உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டித்தர வேண்டியிருக்கிறது. உறவு நெருக்கமாதலால் நம் நோய்களும் சுலபமாக அவற்றைப் பற்றுகின்றன. ஐவரி கோஸ்டின் 'தாய்' என்னும் காட்டில் மனிதரிடமிருந்து தொற்றிய சளிக் கிருமிகளால் சிம்பன்ஸிகள் மாண்டிருக்கின்றன.

ஆகவே மலை ஏறும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள், தின்பண்டத்தைப் பையிலேயே வையுங்கள், குப்பையைக் கீழே கொண்டுவாருங்கள். இவ்வளவையும் செய்வதற்கு டார்வினை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது.