ஃபேன் சுற்றினால் போதுமா?

நம்பிக்கை: ஃபேன் சுற்றியும் திரை இருட்டாகவே இருந்தால் மதர்போர்டு போய்விட்டது.

பழைய டெஸ்க்டாப் கிளம்ப மறுக்கும்போது வீட்டிலும் கடையிலும் முதலில் எழும் வாதம் இது. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, எனவே எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) நன்றாக இருக்கிறது; கோளாறு மதர்போர்டில்தான். இந்த வாதத்தின் முதல் படியே தவறு. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் எனப் பல அழுத்தங்களைத் தனித்தனியாகத் தருகிறது. ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுவது. அந்த அழுத்தம் கணிசமாகக் குறைந்தாலும் சற்று மெதுவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படியோ அது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லா அழுத்தங்களும் நிலைபெற்ற பிறகே 'மின்சாரம் சரி' என்ற சமிக்ஞை சாம்பல் நிற வயர் வழியாக போர்டுக்குப் போகிறது. அது வரும்வரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. பிராசஸருக்கென்று தனியாக வரும் நான்கு முனை கனெக்டர் கழன்றிருந்தாலும் இதே காட்சிதான்: ஃபேன் ஓடும், திரையில் ஒன்றும் வராது.

"ஆனால் இரண்டு மூன்று தடவை அழுத்தினால் கிளம்பிவிடுகிறதே, எஸ்எம்பிஎஸ் கெட்டிருந்தால் எப்படிக் கிளம்பும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல சமயம் அதுவே எஸ்எம்பிஎஸ் மூப்படைந்ததன் அடையாளம். மின்னோட்டத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் வருடங்கள் போகப்போக வற்றுகிறது, உள்தடை ஏறுகிறது. குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை அதிகம், சூடேறினால் குறைவு. காலையில் அடம்பிடித்து, கிளம்பிய பிறகு நாள் முழுக்க ஓடும் பழைய கணினியின் நடத்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அரிது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட பல மதர்போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் இருந்ததும் தெரிந்த கதை. பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். போர்டில்தான் கோளாறு என்றாலும் சில கெபாசிட்டர்களை மாற்றினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

போர்டு உயிரோடு இருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ரேம் அனைத்தையும் கழற்றுங்கள். கேபினட்டின் சிறு ஸ்பீக்கர் போர்டில் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பவர் கார்டை மட்டும் மறுபடி இணைத்து இயக்குங்கள். 'பீப்' என்று திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், பிராசஸர் பயாஸ் (தொடக்க நிரல்) சிப்பிலிருந்து கட்டளைகளைப் படித்து, ரேம் இல்லை என்று கண்டுகொண்டு, புகார் சொல்கிறது என்று அர்த்தம். செத்துப்போன போர்டு புகார் சொல்லாது. அடுத்து, கார்டை மீண்டும் பிடுங்கிவிட்டு, ரேமின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் அழுத்திச் செருகிப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்பதற்காக மட்டும் போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல கேபினட்களில் ஸ்பீக்கரே இருப்பதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: "போர்டை மாற்றினார்கள், சரியாகிவிட்டது." போர்டை மாற்றும்போது ரேம், கனெக்டர்கள், கேபிள்கள் என எல்லாமே கழற்றித் திரும்பச் செருகப்படுகின்றன. பல வருடத் தூசும் துருவும் அந்த ஒரு செயலிலேயே விலகியிருக்கலாம். எது குணப்படுத்தியது என்று அந்த வெற்றி நிரூபிக்காது. ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்வது இன்னும் பலவீனம்: பயாஸ் போர்டிலேயே இருப்பதால், டிஸ்க்கைக் கழற்றிவிட்டாலும் முதல் திரை வந்தாக வேண்டும். போர்டு போனால் கோப்புகளும் போயின என்ற பயமும் தேவையற்றது. டிஸ்க்கைப் பெரும்பாலும் வேறு கணினியில் இணைத்துப் படிக்கலாம்.

இத்தனைக்கும் வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவரும் பொறுமையும்தான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர் 325 வோல்ட்வரை தேக்கி வைக்கும், கார்டைப் பிடுங்கிய பின்னும் அது உடனே இறங்கிவிடாது. சந்தேகம் வந்தால், நன்றாக இயங்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே வழி. புதுப் போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்தச் சோதனையைத் தங்கள் கண்முன்னே செய்யச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.