வடக்கே போகிற தங்கச்சிக்கு, பை கட்டும் முன்

தங்கச்சி, வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்தேன். டிசம்பரில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அஜ்மீர், கடைசியாக அமிர்தசரஸ். அதற்கு நான்கு ஜீன்ஸ், ஆறு டாப், ஒரு லாங் கவுன், கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சுடிதார். இதில் பாதியை அலமாரியிலேயே வை. பாரம் குறையட்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் நீ மசூதிப் படி ஏறுவாய், தர்காவுக்குள் போவாய், குருத்வாராவில் நூற்றுக்கணக்கானவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாய், ரயிலில் அப்பர் பெர்த்தில் ஏறிப் படுப்பாய். ஒவ்வொன்றுக்கும் ஓடிப் போய் உடை மாற்றிக்கொண்டு வர முடியாது. காலையில் போட்டது ராத்திரி வரைக்கும் எந்த வாசலிலும் உன்னை நிறுத்தி வைக்கக் கூடாது; எந்தத் தரையிலும் உட்காரத் தடையாக இருக்கக் கூடாது. பயணத்துக்கு உடை எடுக்கும்போது நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

முழங்காலுக்குக் கீழே இறங்குகிற காட்டன் குர்த்தியும் பேண்டும்தான் இதற்குச் சரி. சேலைக்கு எல்லா வாசலும் திறக்கும், உண்மைதான். ஆனால் ஓடுகிற ரயிலில் சைடு அப்பருக்கு ஏறும்போது சேலை உன்னைப் படுத்திவிடும். குர்த்தி எடுக்கும்போது முதலில் ஸ்லிட்டைப் பார். அது இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் காலைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கை முழங்கை வரை வரட்டும். அக்குளில் விரல் நுழைய இடமிருக்கிறதா என்று பார். இறுக்கமாக இருந்தால் பெட்டியை மேலே தூக்கும்போது அங்கேதான் தையல் விடும். பாக்கெட் இல்லாத குர்த்தியை அப்படியே எடுத்துப் போகாதே. டிக்கெட், போன், சில்லறை மூன்றும் கைப்பையைத் திறக்காமல் எடுக்கிற மாதிரி இருந்தால் கூட்டத்தில் பெரிய நிம்மதி.

பலாஸோ வேண்டவே வேண்டாம். ரயில் கழிப்பறைத் தரை எந்நேரமும் ஈரமாகத்தான் இருக்கும். ஒரு கையில் பலாஸோவைச் சுருட்டிப் பிடித்து, இன்னொரு கையில் கைப்பிடியைப் பிடித்து, ஆடுகிற வண்டியில் நிற்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பார். கணுக்காலோடு நின்றுவிடுகிற, இடுப்பில் எலாஸ்டிக்கோ நாடாவோ வைத்த காட்டன் பேண்ட் இரண்டு போதும், இரண்டும் அடர்ந்த நிறத்தில். பீரியட்ஸ் தேதி பயணத்துக்குள் வந்தாலும் அடர் நிறம் கை கொடுக்கும். ஜீன்ஸ் ஒன்று எடுத்துக்கொள், போட்டுக்கொண்டே போ. லெகிங்ஸைக் குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ள வை.

துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது கடையில் குர்த்தி என்று தொங்குவதில் நிறைய ரேயான். தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், விலையும் குறைவு, "காட்டன் மாதிரிதான் மேடம்" என்பார்கள். ஆனால் அது தண்ணீரை நிறையக் குடிக்கும், காய நேரமெடுக்கும், நனைந்திருக்கும்போது வலு குறைந்துவிடும். லாட்ஜ் பாத்ரூமில் ராத்திரி அலசிப் போட்டுக் காலையில் போட வேண்டிய துணிக்கு இது ஆகாது. பாலியெஸ்டர் சட்டென்று காயும், ஆனால் வியர்வை வாடையை விடாது. ஏப்ரல், மே மாதமாக இருந்தால் மல்மல் எடுக்கச் சொல்வேன், மெல்லிசாக, காற்றோட்டமாக இருக்கும். டிசம்பருக்குக் கொஞ்சம் கனமான கைத்தறிக் காட்டனோ கதரோ நல்லது. ஊருக்குப் போட்டுக்கொண்டு போகிற துணி ஏற்கனவே ரெண்டு மூன்று முறை துவைத்ததாக இருக்கட்டும். புதுத்துணியில் சாயம் போய் மற்றதையும் கெடுத்துவிடும். ஜெய்ப்பூரில் வாங்கப் போகிற சங்கானேரி, பக்ரூ பிளாக் பிரிண்டுக்கும் இதே பேச்சுதான். வீட்டுக்கு வந்து முதல் அலசு தனி பக்கெட்டில்.

குளிரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. டிசம்பர் கடைசியில் டெல்லியில் விடியற்காலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், அதற்கும் கீழேகூடப் போகும். பனிமூட்டத்தில் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், அந்த நேரம் முழுக்க நீ திறந்த பிளாட்பாரத்தில் நிற்பாய். அதே நாள் மதியம் ஆக்ராவில் வெயில் சுள்ளென்று இருக்கும். அதனால் ஒரே ஒரு பெரிய ஜாக்கெட்டை நம்பிப் போகாதே. உள்ளே தெர்மல், மேலே குர்த்தி, அதன் மேல் முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர், கடைசியாக ஒரு கம்பளிச் சால்வை. ஒவ்வொன்றாகக் கழற்றலாம், ஒவ்வொன்றாகப் போடலாம். தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டரை நெரிசலான கோச்சில் கழற்றிப் பார்த்தால்தான் நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். ஏசி கோச்சில் போர்வை தருவார்கள். ஸ்லீப்பரில் தர மாட்டார்கள், அங்கே சால்வைதான் போர்வை.

இனி துப்பட்டா. இப்போதெல்லாம் துப்பட்டா இல்லாத குர்த்தி செட்தான் அதிகம் வாங்குகிறீர்கள், வீட்டில் அது சௌகரியம். இந்தப் பயணத்துக்கு மட்டும் இரண்டரை மீட்டர் நீளமுள்ள நல்ல காட்டன் துப்பட்டாவைத் தனியாக வாங்கி வை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆணோ பெண்ணோ தலையை மூடாமல் உள்ளே போக முடியாது. தொப்பி செல்லாது, துணிதான். வாசலிலேயே தலைக்குக் கட்டத் துணி கொடுப்பார்கள், ஆனால் கூட்டத்தில் ஆயிரம் தலை மாறி வந்த துணியைவிட உன்னுடையது உனக்கு நிம்மதி. அஜ்மீர் தர்காவிலும் அப்படியே. இந்த இரண்டு இடத்திலும் தலையை மூடுவதைச் சுற்றுலாப் பயணிக்கான விதி என்று மட்டும் நினைக்காதே. உன் பக்கத்தில் நிற்கிற பாட்டிக்கு அந்த இடம் உயிர். உன் முக்காடு சரிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கை நீட்டி இழுத்துவிடுவார். அதில் அதட்டல் இருக்காது, அக்கறைதான் இருக்கும். சில்க், ஜார்ஜெட் துப்பட்டா தலையில் நிற்காது, வழுக்கி வழுக்கி விழும். காட்டனை நடுத்தலையில் இரண்டு ஹேர்பின் போட்டுப் பிடித்தால் அரை நாள் நகராது.

அதே துப்பட்டாதான் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டையில் வெயிலுக்கு முக்காடு, ரயிலில் தலையணை உறை, பெர்த்தில் தூங்கும்போது முகத்தில் விளக்கு அடிக்காமலிருக்க மறைப்பு. ஒரே ஒரு இடத்தில் அதை நம்பாதே: சக்கரம். டெல்லி சாந்தினி சவுக்கில் சைக்கிள் ரிக்‌ஷா, இ-ரிக்‌ஷா ஏறும்போது இரண்டு முனையையும் எடுத்து மடியில் முடிச்சுப் போட்டுக்கொள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் கழுத்தைச் சுற்றிப் போடவே கூடாது. சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்; அதனால் உயிர் போனவர்கள் நம் ஊரிலேயே உண்டு. வண்டிக்குச் சாரி கார்டு வைத்திருப்பது சும்மா அழகுக்கு இல்லை. அடுத்த வருஷம் காசிக்குப் போகிறேன் என்றாயே, கங்கை ஆரத்தியில் சுற்றிலும் தீபம் இருக்கும். சிந்தெடிக் துணி பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். அங்கேயும் காட்டன்தான்.

செருப்பு, கழற்றி மாட்டச் சுலபமானதாக இருக்கட்டும். ஒரு நாளில் ஐந்தாறு இடத்தில் கழற்ற வேண்டியிருக்கும். லேஸ் கட்டுகிற ஷூ உன் நேரத்தைத் தின்றுவிடும். தாஜ்மஹாலில் மேல் மேடைக்குப் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும், அல்லது மேலே உறை மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடியிருக்கும், அதையும் குறித்துக்கொள். பொற்கோயிலில் சாக்ஸையும் கழற்ற வேண்டும். ஜோடா கர் என்று செருப்பு வைக்க இடம் இருக்கும், காசு கிடையாது. உன் செருப்பை வாங்கி வைக்கிறவர் அதைச் சேவையாகச் செய்ய வந்தவர். பெரிய வேலையில் இருப்பவராகக்கூட இருக்கலாம். அதனால் தூக்கி எறிகிற மாதிரி கொடுக்காமல் இரண்டு கையாலும் கொடு. பிறகு உள்ளே நுழையும் வழியில் ஓடுகிற தண்ணீரில் கால் நனைத்துத்தான் போக வேண்டும். கணுக்கால் பேண்ட் எதற்கு என்று அங்கே இன்னொரு முறை புரியும். டிசம்பர் அதிகாலையில் அந்தச் சலவைக்கல் காலைச் சுருக்கென்று குத்தும், விரிப்பு போட்டிருக்கிற பாதையிலேயே நட. குளிர் தாங்காது என்றால் வெயில் ஏறிய பிறகு போ.

ஜெய்ப்பூரிலிருந்து மவுண்ட் அபு பக்கம் திட்டம் மாறினால், தில்வாரா ஜைனக் கோயிலுக்குள் தோல் பொருள் எதுவும் போகாது. பெல்ட், பர்ஸ், வாட்ச் பட்டை எல்லாம் கணக்கு. கைப்பையைத் துணியிலேயே எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதை நம் பக்கத்து மாநிலமே காட்டும். குருவாயூரில் பெண்கள் சுடிதாரோடு போகலாம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதார் போட்டிருந்தால் மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பூரி ஜெகந்நாதர் கோயிலில் 2024 ஜனவரி 1 முதல் கிழிந்த ஜீன்ஸ், ஷார்ட்ஸ், கையில்லாத உடைக்கு இடமில்லை. கோவாவில் கடற்கரையில் ஷார்ட்ஸ் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே கோவாவில் பாம் ஜீசஸ் தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஷில்லாங்கில் ஜீன்ஸ்தான் காலேஜ் பெண்களின் அன்றாட உடை, நீ அங்கே சுடிதாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஊராக இருந்தாலும் இறங்கிய முதல் ஒரு மணி நேரம் அங்கே உன் வயதுப் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கவனி. எந்த விதிப் பலகையையும்விட அதுதான் சரியான வழிகாட்டி.

மரியாதை என்று நான் சொல்வதில் உடம்பை மூடுவதை விடவும் முக்கியமாக நினைக்கிற ஒன்று உண்டு. அமிர்தசரஸ் கடைவீதியில் சிவப்பும் வெள்ளையுமாக வளையல் அடுக்கு அடுக்காகத் தொங்கும். பார்த்தால் கை பரபரக்கும். அது சூடா, புதுமணப்பெண் போடுவது. நம் ஊரில் கல்யாணமாகாத பெண் விளையாட்டுக்குத் தாலி கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தால் அம்மா முகம் எப்படி மாறும்? அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். வாங்க ஆசையாக இருந்தால் சாதாரண வளையல் கேள். ராமநாமம் அச்சிட்ட காவித் துண்டு, ஓம் போட்ட சால்வை இதையெல்லாம் தோளில் போடலாம். இடுப்பில் கட்டாதே, தரையில் விரித்து உட்காராதே. சாமி படம் அச்சிட்ட பேண்ட் எந்தக் கடையில் விற்றாலும் வாங்காதே. நாகாலாந்துச் சால்வை கிடைத்தால் கவனி, சில வகைகள் குறிப்பிட்ட குழுவுக்கும் கௌரவத்துக்கும் உரியவை. யார் போடுவது என்று விற்பவரிடமே கேள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் உன்னிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சொன்னதால், சரியாக உடுத்தினால் யாரும் தொந்தரவு தர மாட்டார்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதே. முக்காடு போட்ட பெண்ணையும் உரசுகிறவன் உரசுவான். அப்படி நடந்தால் நீ குனிந்து உன் துப்பட்டாவைச் சரி செய்யாதே, சத்தம் போடு. தப்பு முழுக்க அவனுடையது, உன் குர்த்தியின் நீளத்துக்கு அதில் பங்கே இல்லை. ரயிலில் 139, வெளியில் 112. இரண்டையும் இப்போதே போனில் சேவ் பண்ணு. கூட வருகிற தோழிகளுக்கும் அனுப்பு.

ஆக, பையில் குர்த்தி நான்கு, பேண்ட் இரண்டு, போட்டுக்கொண்டு போகிற ஜீன்ஸ், தெர்மல் ஒரு செட், ஸ்வெட்டர், சால்வை, துப்பட்டா, சாக்ஸ் மூன்று ஜோடி, உள்ளாடை தாராளமாக, ராத்திரிக்கு லூஸான டி-ஷர்ட்டும் பைஜாமாவும். நைட்டி வேண்டாம், ரயிலிலும் டார்மிட்டரியிலும் அதோடு எழுந்து நடமாட உனக்கே கூச்சமாக இருக்கும். ஒரு சின்ன டப்பாவில் ஊக்கு, ஊசி நூல், மாற்று நாடா. துணி காயப்போட இரண்டு மீட்டர் நைலான் கயிறு. பட்டுச் சுடிதாரை விட்டுவிடு; ஜெய்ப்பூரில் எப்படியும் புதுசு வாங்குவாய், அதற்கு இடம் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்து வைத்த ஒரு குர்த்தியையும் பேண்டையும் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு நாள் முழுக்க இரு. மொட்டை மாடிக்கு ஏறு, தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடு, பெட்டியைப் பரணில் தூக்கி வை. எங்கே இழுக்கிறது, எங்கே விலகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தெருமுனை டெய்லரிடம் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கிற இடத்தைப் பிரித்துத் தைத்துக்கொள். பாக்கெட் இல்லாததற்கு இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்கச் சொல், உன் போன் முழுசாக உள்ளே போகிற ஆழத்துக்கு.