எழுத்துக் கூட்டலும் வாசித்தலும்

நுழையும்முன்

எழுத்துகளை அறிந்த குழந்தைகள் அனைவரும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆவார்களா? எழுத்தறிதலுக்கும் வாசித்தலுக்கும் இடைப்பட்ட தொலைவையும் அதனைக் கடக்கும் வழியையும் தென்காசிச் சீமையின் சொற்களைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

நெடுங்கணக்கு

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247. முற்காலத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதியும் வாய்விட்டுச் சொல்லியும் இவற்றைப் பயின்றனர். அம்முறை நினைவாற்றலை வளர்த்தது. எனினும், மனப்பாடமான பாடலைச் சுவடியைப் பார்த்துச் சொல்லும் குழந்தை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று.

கண்ணும் காதும்

‘தென்காசி’ என்னும் சொல்லைக் காண்க. வாய் முதலில் தகரத்தை ஒலிக்கிறது. கண்ணோ முதலில் கொம்பைக் காண்கிறது. ‘கொடி’ என்பதில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரத்தின் வடிவம் ஒன்றே. ஒலியோ இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. இவ்விடங்களில் குழந்தை தடுமாறுவது இயல்பு. தான் கூட்டிய ஒலி, முன்பே காதால் கேட்ட சொல்லோடு பொருந்தும்போது அத்தடுமாற்றம் தீர்கிறது.

ஆகவே, அறிந்த சொல்லிலிருந்து தொடங்குதல் நன்று. பள்ளிகள் திறக்கும் ஜூன் திங்களையொட்டியே குற்றாலத்தில் பருவமும் தொடங்கும். மேனியில் சாரல் பட்டு வளர்ந்த குழந்தைக்குச் ‘சா-ர-ல்’ எனக் கூட்டியதும் பொருள் விளங்கிவிடும். ‘அருவி’, ‘பாறை’ என்னும் சொற்களை அருகருகே எழுதினால் ரகர, றகர வேறுபாடும் மனத்தில் பதியும்.

வகுப்பறையின் பொறுப்பு

தென்காசி வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றில் மகளிர் பீடி சுற்றிக் குடும்பம் காக்கின்றனர். பகலெல்லாம் முறத்தின்முன் அமர்ந்திருக்கும் தாய்க்குப் பிள்ளையின் புத்தகத்தை வாசித்துக்காட்ட நேரம் வாய்ப்பது எளிதன்று. அக்குழந்தை வாசிப்பின் ஒலியைப் பெரும்பாலும் வகுப்பறையிலேயே கேட்கிறது. மேல்வகுப்புகளில் அறிவியலும் வரலாறும் வாசிப்பின் வழியாகவே வருகின்றன. கூட்டவும் கழிக்கவும் அறிந்த குழந்தைகூட, வினாவை வாசிக்க இயலாமையால் கணக்கில் பின்தங்கும்.

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் இவ்விடைவெளி பெருகியது. அதனைக் குறைக்கத் தமிழ்நாடு அரசு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தையும், 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது. பின்னதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல்நிலைக்கேற்பப் பயின்றனர். குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே கற்பித்தல் தொடங்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

குற்றாலத்தில் ஒலித்த குரல்

எழுத்திலிருந்து பொருளுக்குச் செல்லும் பாலம் குரலாகும். இதனைப் பெரியோர்க்கும் உணர்த்தியவர், குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் பயின்ற அவர், கம்பர் பாடல்களை நிறுத்துமிடம் அறிந்து நிறுத்தி, மீண்டும் மீண்டும் பாடிக்காட்டுவார். கேட்போர்க்குப் பொருள் தானே புலப்படும். நிறுத்தம் பொருளை மாற்றும் என்பதை நீங்களும் அறிவீர்கள். சேர்த்துப் படித்தால் ‘பலகை’. பிரித்துப் படித்தால் ‘பல கை’. இலக்கணத்தில் பொதுமொழி எனப் பயின்றது இதுவே.

தொடக்கநிலை வகுப்பிற்கும் இம்முறை பொருந்தும். ஆசிரியர் முதலில் உரிய நிறுத்தத்துடன் வாசிக்க வேண்டும். குழந்தைகள் வரியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். பின்னர்ச் சேர்ந்தும், அதன்பின் தனித்தும் வாசிக்க வேண்டும். இறுதியில், வாசித்ததைத் தம் சொற்களில் கூற வேண்டும். இவ்விறுதிப் படியை விட்டுவிட்டால் எழுத்துக் கூட்டல் மட்டுமே எஞ்சும்.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ தெருவிலோ எழுத்துக் கூட்டித் திணறும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். நாள்தோறும் பத்து நிமிடம் அருகமர்ந்து வாசித்துக்காட்டுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் நகைக்காமல் காத்திருங்கள். அப்பொறுமையும் கற்பித்தலே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் சொற்களுள், தொடக்கநிலைக் குழந்தை எளிதில் வாசிக்கத்தக்க பத்தினைத் தொகுக்க.
2. நிறுத்தும் இடத்தால் பொருள் மாறும் தொடர்கள் மூன்றினை எழுதி, வகுப்பில் வாசித்துக்காட்டுக.