சிக்னல் எட்டாத மலையில் மின்கார்

கேள்வி: கல்வராயன் மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை. இணைப்பு வசதிகளுக்காக மின்காரின் உயர்ரகத்தை வாங்குவது தகுமா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: 2020-இல் விற்பனைக்கு வந்த டாடா நெக்சான், எம்.ஜி. இசட்.எஸ். போன்ற மின்கார்களில் உள்ள இணைப்பு வசதி என்பது, காருக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிம் வழியாகக் காரின் நிலையை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து உரிமையாளரின் செல்போனுக்குக் கொண்டுவரும் ஏற்பாடாகும். ஆகவே வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் கார் நின்றால், கள்ளக்குறிச்சியில் இருப்பவரின் செயலியில் கடைசியாகச் சிக்னல் கிடைத்த நேரத்துச் சார்ஜ் அளவே தெரியும். தொலைவிலிருந்து ஏசியை இயக்கவும் இயலாது. பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு அமைப்போ காருக்குள்ளேயே இயங்குவதால் ஓட்டத்துக்குக் குறைவில்லை, ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை நம்பியது என்பதால், வரைபடத்தை முன்பே பதிவிறக்கியிருந்தால் வழியும் தெரியும். இணைப்பு வசதிக்காக மட்டும் உயர்ரகத்துக்குப் பணம் கொட்டுவது வீண்.

மலைவாசி கவனிக்க வேண்டியது வேறு: இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும் மீளாக்க பிரேக். வெள்ளிமலையில் நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால், திரும்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமின்றிப் போய், சாதாரண பிரேக்கே பெரும்பாரத்தையும் சுமந்து சூடேறும் என்பதால், மேலே சற்றுக் குறைத்தே ஏற்ற வேண்டும்.