கண்ணுக்குள் ஒரு வளையம்



பெத்சாயிதாவில் ஆண்டவர் முதல்முறை தொட்டபோது, அந்தக் குருடனுக்கு மனிதர்கள் மரங்களைப்போல் தெரிந்தார்கள் என்று மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மறுபடியும் தொட்ட பின்பே தெளிவாய்க் கண்டான்.

அந்த முதல் நிலையிலேயே நிற்கும் பிள்ளைகள் நம் காவேரிக்கரை ஊர்களிலும் உண்டு. ஒரு விளக்கு இரண்டு மூன்றாகத் தெரியும். கரும்பலகை எழுத்து இழுபட்டுத் தெரியும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பயனிராது. வீட்டாரோ, "படிக்கச் சோம்பல்" என்று கடிந்துகொள்வார்கள்.

இந்நோயின் பெயர் கெரட்டோகோனஸ். 1854-இல் ஜான் நாட்டிங்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் இதை விரிவாக எழுதினார். கண்ணின் முன்னுள்ள கருவிழிப் படலம் சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ளது. அது மெலிந்து, களத்தில் குவித்த நெல்லைப்போல் கூம்பாய்ப் பிதுங்குவதே இந்நோய். பெரும்பாலும் வாலிபப் பருவத்தில் தொடங்கும். கண்ணைக் கசக்கினால் அதிகமாகும்.

இதற்கு ஒரு வழி, வளையம் வைப்பது. பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோசப் கோலின் குழுவினர் 2000-இல் இதன் பலனை வெளியிட்டார்கள். அமெரிக்க அரசு 2004-இல் இந்நோய்க்கு இதை அனுமதித்தது. கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் பலகாலம் எந்தப் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டதோ, அதே பொருளாலான பிறைவடிவத் துண்டுகள் இவை. முன்பு கத்தியால் செய்த சுரங்கத்தை இப்போது ஃபெம்டோசெகண்ட் லேசர், குறித்த ஆழத்தில் சில விநாடிகளில் அமைக்கிறது. ஓரத்தில் துண்டுகள் இடம்பிடிக்க, நடுவிலுள்ள மேடு தாழ்கிறது. தேவையானால் அவற்றை வெளியே எடுத்துவிடலாம்.

ஒரு தாயார் என்னிடம், "ஐயா, வளையம் வச்சா கண்ணாடி வேண்டாம்தானே?" என்று கேட்டார். "அப்படிச் சொல்ல முடியாதம்மா" என்றேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் உண்மை அதுவே. வளையம் வைத்த பின்பும் பலருக்குக் கண்ணாடியோ காண்டாக்ட் லென்ஸோ வேண்டும்; ஆனால் அதுவரை உதவாத கண்ணாடி அதன்பின் உதவக்கூடும். நோய் வளராமல் நிறுத்துவது வேறொரு சிகிச்சை: ரைபோஃபிளேவின் சொட்டுமருந்து இட்டு, புறஊதா ஒளியால் படலத்தை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங். படலம் மிகவும் மெலிந்தபின், அல்லது நடுவில் தழும்பு விழுந்தபின், வளையம் உதவாது. அப்போது பிறர் தானமாய்த் தந்த கருவிழியைப் பொருத்த வேண்டிவரும்.

ஆகையால் காலம் தாழ்த்தாதிருங்கள். கதிரடிக்கும் நாட்களில் தூசியால் கண் அரித்தால் பிள்ளைகள் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிப்புக்கு மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினால், கருவிழியின் வளைவை அளக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 1934-இல் தொடங்கிய திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை தஞ்சையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆண்டவர் அரைகுறைப் பார்வையோடு அவனை அனுப்பிவிடவில்லை, "காண்கிறாயா?" என்று கேட்டறிந்து, மறுபடியும் தொட்டார். நாமும் கேட்டறிவோமாக.

சிந்திக்க: உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பின்வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறதா என்று கேட்டதுண்டா?