நாள்தோறும் ஒரு முட்டை

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர் பெரும்பாறை. அங்குள்ள தோட்டக் குடும்பங்களில் சோறும் குழம்பும் வயிற்றை நிரப்பக்கூடும். வளரும் குழந்தையின் உடலைக் கட்ட அவை மட்டும் போதா. அக்குறையைப் போக்க எளிதில் கிடைப்பது கோழி முட்டை.

50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. மஞ்சட்கருவில் வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவையும், மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலினும் உள்ளன. ஆதலால் வெள்ளைக்கருவை மட்டும் ஊட்டி மஞ்சளை ஒதுக்குவது பேதைமை.

தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டு மலையூர்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் நாளொரு முட்டை கொடுத்துப் பார்த்தனர். முட்டை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட, அவர்களிடையே வளர்ச்சி குன்றுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவியில் அவ்வாறே செய்தபோது உயரத்தில் அத்தகைய பயன் தெரியவில்லை. அவ்விடத்துக் குழந்தைகள் முன்னரே மீன் உண்டு வந்தவர்கள். பிற உணவில் புரதம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு முட்டை உதவும் என்று கொள்வதே பொருத்தம்.

முட்டையிலுள்ள இரும்புச்சத்தை உடல் சிறிதளவே ஏற்கும். வைட்டமின் சி அதில் இல்லை. கீரையும் பயறும் சேரவேண்டும். உடன் ஆரஞ்சோ கொய்யாவோ நெல்லிக்காயோ உண்பது நலம். உணவோடு காப்பி, தேநீர் பருகினால் இரும்புச்சத்து சேர்வது தடைப்படும். காப்பி விளையும் ஊரில் இதனைக் கூறினால் நகைப்பார்கள்! ஆயினும் ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவதில் இழப்பொன்றுமில்லை.

பெரியவர்கள் அஞ்சுவது கொலஸ்டிராலை. வாரம் மூன்று மஞ்சட்கருவுக்கு மேல் வேண்டாமென அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் கூறியது. உணவிலுள்ள கொலஸ்டிராலுக்கு விதித்திருந்த எண் வரம்பை அமெரிக்க அரசின் உணவு நெறிகள் 2015இல் நீக்கிவிட்டன. நலமுடையோர் நாள்தோறும் ஒன்று உண்ணலாம். நீரிழிவோ இதயநோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பச்சை முட்டை வலிமை தரும் என்பது தவறான எண்ணம். அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். மஞ்சட்கரு இறுகும்வரை வேகவைக்கவேண்டும். முட்டை உண்டபின் தடிப்போ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்க.

நம் மாநிலத்தின் சத்துணவில் 1989இல் இரு வாரத்திற்கு ஒன்றாகச் சேர்ந்த முட்டை, 2010இல் வாரம் ஐந்தாக உயர்ந்தது. மழைக்காலத்திலும் அது மலையூர் மையங்களை உரிய நாளில் அடைகிறதா என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும். ஐயமிருந்தால் முட்டையைத் தண்ணீரில் இடுக. புதியது அடியில் கிடக்கும், மிதப்பதைத் தள்ளுக.

பள்ளி விடுமுறை நாளுக்கும், பள்ளி செல்லா மழலைக்கும் வீட்டுக் கோழியே துணை. அதன் முட்டைகளைச் சந்தைக்கு எண்ணுமுன், குழந்தைக்குரியதை அடுக்களையில் எடுத்து வைக்கவேண்டும்.