காசு கொடுத்தவருக்கே பூட்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி ரேம் போடலாம்?" என்பதுதான். "காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் பத்து வருடம் கழித்தும் என்னிடம் ஓடுமா?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கே அந்தக் கேள்வியின் அருமை சென்ற ஆண்டுதான் புரிந்தது.

பட்டுத்தறியும் பிளாஸ்டிக் சாவியும்

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா சில தறிகள் வைத்துப் பட்டுப்புடவை நெய்து கொடுக்கிறார். புடவையின் கரையிலும் முந்தியிலும் வரும் யாளி, அன்னம், மயில்கண் போன்ற டிசைன்களை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை. கட்டத்தில் நிறம் இருந்தால் அட்டையில் துளை. இல்லையென்றால் துளை இல்லை. இப்படித் துளையிட்ட அட்டைகளை மாலையாகக் கோத்துத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்தப் பாவு நூல் தூக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை சொல்லும். 1804-ம் ஆண்டு பிரான்சில் வந்த இந்த அட்டை முறையிலிருந்துதான் பிற்காலத்துக் கம்ப்யூட்டர்களின் துளை அட்டையும் பிறந்தது.

2009-ல் அப்பா இந்த டிசைன் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். சீட்டுப் பணம் எடுத்து ஒரு டிசைன் சாஃப்ட்வேர் வாங்கினார். அதோடு பென் டிரைவ் போன்ற ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டும் வந்தது. அதன் பெயர் டாங்கிள். அதை யூஎஸ்பி போர்ட்டில் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். தொலைந்துவிட்டால் வேறு தரமாட்டார்கள் என்று சொல்லியிருந்ததால், வேலை முடிந்ததும் அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்.

சென்ற ஆண்டு அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. நான் விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்தேன், டாங்கிளைச் செருகினேன். "டாங்கிள் இல்லை" என்றது. காரணம் எளிது. டாங்கிளை இயக்கும் டிரைவர் 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் டிரைவரை ஏற்றுக்கொள்ளாது. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்த வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் கிடையாது, புதியதை முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி, பழைய கரை டிசைன் ஒன்றை முகூர்த்தப் புடவைக்காகத் திரும்பக் கேட்டிருந்தார். அதன் அட்டைகளை எலி கடித்துவிட்டது. டிசைன் ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த சாஃப்ட்வேரைத் தவிர வேறு எதிலும் திறக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே சாஃப்ட்வேரின் திருட்டுக் காப்பியை வைத்திருக்கிறார். அதில் டாங்கிள் கேட்கும் பகுதியையே நீக்கிவிட்டார்கள். அது புதிய கம்ப்யூட்டரிலும் ஜோராக ஓடுகிறது. அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, காசு குடுத்து வாங்கினது நாம. ஓடுறது அவன் வீட்லயா?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்தத் திருட்டுக் காப்பியை வாங்கிப் போட்டுவிடலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். அதை இன்ஸ்டால் செய்ய ஆன்டி வைரஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார்கள். அதோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்பது யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று விட்டேன். 32 பிட் விண்டோஸ் 7 உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, டாங்கிளைச் செருகி, டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிஎம்பி ஃபைலாக மாற்றினேன். மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த ஆர்டர் வேறு கைக்குப் போய்விட்டது.

டிஆர்எம் என்றால் என்ன?

டிஆர்எம் என்பது டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம். சாஃப்ட்வேர், பாட்டு, படம், புத்தகம் ஆகியவற்றை அனுமதியின்றிக் காப்பி எடுப்பதைத் தடுக்க விற்பவர் போடும் பூட்டு இது. நோக்கம் நியாயமானது. நான் எழுதும் சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்குவதால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. காப்பியடிப்பதன் வலி எங்கள் ஊருக்கும் தெரியும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் வேறு புடவைகளைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்கள்.

ஆனால் இந்தப் பூட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. அதை உடைக்க ஒரே ஒரு கெட்டிக்காரர் போதும். அவர் உடைத்த காப்பி ஊர் முழுக்கப் பரவிவிடும். அதன் பிறகு பூட்டு யாரிடம் மிச்சமிருக்கிறது? ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவரிடம் மட்டும்தான்.

வீட்டில் நீங்கள் சந்திக்கும் பூட்டுகள்

1. ஆக்டிவேஷன்: நீங்கள் வைத்திருப்பது அசல்தானா என்று சாஃப்ட்வேர் இன்டர்நெட் வழியே கம்பெனி சர்வரைக் கேட்கும். சர்வர் தவறினால் அசல் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் சரிபார்ப்பு சர்வரில் ஏற்பட்ட பிழையால், அசல் எக்ஸ்பி, விஸ்டா வைத்திருந்த பலரைப் பார்த்து "இது அசல் அல்ல" என்றது விண்டோஸ். விஸ்டாவில் சில வசதிகளும் நின்றுபோயின. மறுநாள்தான் சரியாயிற்று.

2. டிவிடி ரீஜன்: உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து டிவிடிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா 5, அமெரிக்கா 1, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. சிங்கப்பூர் அத்தை கடையில் வாங்கி வந்த அசல் டிவிடி உங்கள் டிரைவில் ஓடாமல் போகலாம். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எந்த எண் வைத்தீர்களோ, அதுவே நிரந்தரம்.

3. மியூசிக் சிடி: 2005-ல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில ஆடியோ சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு புரோகிராம் விண்டோஸுக்குள் ஒளிந்துகொண்டது. அது ஒளிந்த அதே முறையை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி, சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கியவருக்கு இந்தத் தொல்லை வரவில்லை. கடையில் சிடி வாங்கியவருக்குத்தான் வந்தது.

4. இ-புக்: 2009 ஜூலையில் அமேசான், வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவியிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைத் தானாகவே அழித்தது. அவற்றை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்து பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் புத்தகம் போனது போனதுதான். 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றிக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டது.

ஒரு படத்துக்காக மூடப்பட்ட தளங்கள்

பூட்டு உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும் என்பதில்லை. வழியிலும் போடுவார்கள். இது நம் சென்னையில் நடந்தது.

2012 மார்ச் 30 அன்று தனுஷ் நடித்த "3" படம் வெளியானது. "கொலவெறி" பாட்டால் அதற்கு முன்பே உலகப் புகழ் பெற்ற படம். இன்டர்நெட்டில் திருட்டுத்தனமாகப் பரவாமல் இருக்கத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, பெயர் தெரியாதவர்கள் மீதும் செல்லக்கூடிய ஒரு தடை உத்தரவைப் பெற்றது. இதை ஜான் டோ உத்தரவு என்பார்கள். நம் நாட்டில் அசோக் குமார் உத்தரவு என்றும் சொல்வதுண்டு.

உத்தரவு கைக்கு வந்ததும் இன்டர்நெட் நிறுவனங்கள் என்ன செய்தன? எந்தப் பக்கத்தில் படம் இருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் மூடவில்லை. பைரேட் பே மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களையும் பல நிறுவனங்கள் முழுவதுமாக மூடிவிட்டன. விமியோவில் குறும்படம் எடுப்பவர்கள் தங்கள் சொந்தப் படங்களை வைத்திருந்தார்கள். பேஸ்ட்பின்னில் புரோகிராம் எழுதுபவர்கள் கோடுகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மாதா மாதம் பிராட்பேண்ட் கட்டணம் கட்டியவர்களுக்கு, நீதிமன்ற உத்தரவுப்படி தடை என்ற அறிவிப்புதான் திரையில் வந்தது.

யூஆர்எல் என்பது இன்டர்நெட்டில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் முழு முகவரி. தளம் என்பது தெரு மாதிரி, யூஆர்எல் என்பது கதவு எண் மாதிரி. எங்கள் ஊர் காந்தி ரோட்டில் ஏதோ ஒரு கடையில் போலிப் பட்டு விற்றார்கள் என்பதற்காக ரோட்டையே இரண்டு பக்கமும் அடைத்தால் எப்படி? அதுதான் நடந்தது. கடைசியில் 2012 ஜூன் 22 அன்று அதே நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது. திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட யூஆர்எல்லை மட்டும்தான் தடுக்கலாம், முழுத் தளத்தை அல்ல என்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தத் தெளிவுரைக்கு முதல் நாள், 2012 ஜூன் 21 அன்று, காப்புரிமைச் சட்டத்தின் புதிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் வந்த 65ஏ பிரிவின்படி, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "மீறும் நோக்கத்தோடு" என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்வதற்கு இதே பிரிவு விலக்கும் தருகிறது. ஆனால் உங்களுக்காக இன்னொருவர் உடைத்துக் கொடுத்தால், உங்கள் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் அவர் பதிந்து வைக்க வேண்டும்.

1957-ம் ஆண்டின் மூலச் சட்டத்தில் உள்ள 52-வது பிரிவும் நமக்கு முக்கியம். சாஃப்ட்வேரை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்துபோகாமல் இருக்கப் பாதுகாப்புக்காக பேக்கப் காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக, உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்த விற்பவர் சாவி தந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அப்பா மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான்.

வாங்கும் முன் கேளுங்கள்

* இது ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுமா? கம்ப்யூட்டர் மாற்றினால் லைசென்ஸை மாற்றித் தருவீர்களா?
* இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா?
* டாங்கிள் கெட்டுப்போனால் என்ன விலைக்கு மாற்றுவீர்கள்?
* புதிய விண்டோஸ் வந்தால் டிரைவர் தருவீர்களா? எத்தனை ஆண்டுகளுக்கு?
* என் வேலையை பிஎம்பி, பிஎன்ஜி, பிடிஎஃப் போன்ற பொதுவான ஃபைல்களாக எடுக்க முடியுமா?

வாயால் சொன்னால் போதாது. பில்லிலோ இமெயிலிலோ எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால் யோசித்து வாங்குங்கள். முடிந்தால் பூட்டில்லாத பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-ல் ஐட்யூன்ஸ் பாட்டுகளின் பூட்டை நீக்கியது, பாட்டு விற்பனை நின்றுவிடவில்லை. கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸும், படத்துக்கு ஜிம்ப்பும் இலவசம், பூட்டும் இல்லை. பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மதுரைத் திட்டம் பூட்டின்றித் தந்துகொண்டிருக்கிறது.

இன்றே செய்யுங்கள்

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று வரிசையாக க்ளிக் செய்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று அங்கே தெரியும். இணைத்து வைத்தால் ஹார்டுவேர் மாற்றிய பின் திரும்ப ஆக்டிவேட் செய்வது எளிது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் பெரும்பாலும் அந்த மதர்போர்டுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. டிவிடி டிரைவ் இருந்தால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிவிடி டிரைவின் பிராப்பர்டீஸில் டிவிடி ரீஜன் என்ற டேபில் இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்று இருக்கும். பார்த்தால் போதும், மாற்ற வேண்டாம்.

3. ஒவ்வொரு வேலையையும் இரண்டு விதமாக சேவ் செய்யுங்கள். சாஃப்ட்வேரின் சொந்த ஃபைல் ஒன்று, பொதுவான ஃபைல் ஒன்று. இரண்டாவதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

4. பில், சீரியல் நம்பர், டிரைவர் சிடி மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

5. பழைய சாஃப்ட்வேருக்காகப் பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தால் அதற்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்காதீர்கள். பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து அட்டைக் கட்டு ஒன்று இருக்கிறது. அதே எண்ணிக்கையில் கொக்கிகள் உள்ள எந்த ஜக்கார்டு பெட்டியில் மாட்டினாலும் இன்றும் கரை விழும். யார் அனுமதியும் வேண்டாம். அப்பா இப்போது எந்த டிசைன் முடித்தாலும் பிஎம்பியாக ஒரு காப்பி எடுக்கச் சொல்கிறார். டாங்கிள் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.